இருமல் சாகுபடி: ஒரு தொழில்நுட்பக் கையேடு

நெல்லுக்குக் கையேடு இருக்கிறது. கரும்புக்கு இருக்கிறது, நிலக்கடலைக்கு இருக்கிறது, காளானுக்குக்கூட இருக்கிறது. திருநின்றவூர்ப் பக்கம் நெல் போடுகிறவர்கள் நெல்லோடு சேர்த்து ஊடுபயிராக எடுக்கிற ஒரு விளைச்சலுக்கு மட்டும் ஒரு துண்டுப் பிரசுரம்கூட என் கண்ணில் பட்டதில்லை. இத்தனைக்கும் அதற்குத் தண்ணீர் வேண்டாம், யூரியாவுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், மழை பொய்த்தாலும் அது பொய்க்காது. விளைவது நெஞ்சுக்குள் என்பதால் பட்டா, சிட்டா, அடங்கல் என்று எதையும் யாரும் கேட்பதுமில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு.

ஏற்ற நிலம்

திருநின்றவூர், பாக்கம், நடுகுத்தகை, நெமிலிச்சேரி, வேப்பம்பட்டு. மனைக்கல் நட்டது போக இங்கே இன்னும் கொஞ்சம் நஞ்சை மிச்சமிருக்கிறது. ஒரு பக்கம் கிராவல் கொட்டிய லேஅவுட் ரோடு, மறுபக்கம் சவுடு லாரி, நடுவில் உங்கள் நிலம் என்றிருந்தால் மிகவும் நல்லது. அறுவடை இல்லாத மாதங்களிலும் பயிர் வாடாது. காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது பின்னாலேயே நடந்து போவது நல்ல அடியுரம்.

பட்டம்

சித்திரையில் போட்டு ஆடியில் அறுக்கும் சொர்ணவாரி, ஆவணியில் தொடங்கி தையில் முடியும் சம்பா, தையில் நட்டுப் பங்குனி சித்திரையில் அறுக்கும் நவரை. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூன்று பட்டத்திலும் இருமலைச் சேர்த்தே எடுக்கலாம். முப்போகம் எடுக்க ஏரியில் தண்ணீர் வேண்டும். இருமலுக்கு ஒரு போகமே தாராளம்.

அறுவடை நாள்

அறுவடை மெஷின் வரும் என்று சொன்ன நாளில் வராது. அதற்கு மறுநாள் மத்தியானம் உச்சி வெயிலில் வரும். நமக்கு அதுதான் வேண்டும். பனி ஈரம் சுத்தமாக உலர்ந்து, தாள் மொறமொறவென்று இருக்கும் நேரத்தில் மெஷினுக்குப் பின்னால் எழும்பும் தூசிக்கு நிகர் கிடையாது.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். மெஷின் ஓட்டுபவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், தூசியின் ஒரு பகுதி அவருக்கு. வரப்பில் நின்று கதிர் சிதறுகிறதா என்று பார்க்கும் நிலச் சொந்தக்காரருக்கு ஒரு பகுதி. முதல் தரமான இடம் டிராக்டர் டிரெய்லருக்குள் இருக்கிறது. மெஷினின் குழாய் வழியாக நெல் கொட்டக் கொட்ட, அதைக் காலாலும் கையாலும் மூலைக்குத் தள்ளி நிரவிவிடும் ஆள் ஒருவர் இருப்பார். முழங்கால் வரை நெல், அதற்கு மேலே சுணை. ஐந்து நிமிடத்தில் இமை முடி வெளுத்துவிடும், கழுத்து மடிப்பில் அரிப்பு பிடித்துவிடும். உமியின் மேலே இருக்கும் அந்த நுண்ணிய முட்களில் சிலிக்கா இருக்கிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைத்தது. அரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், குளித்தால் போய்விடும். நாம் தேடுவது குளித்தாலும் போகாத ரகம்.

அந்த ரகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. பெரிய தூசியை மூக்கு நிறுத்திவிடும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவது அதுதான். வந்துவிட்டதே என்று நிம்மதி அடைகிறோம். சுமார் 5 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் தூள் வேறு மாதிரி. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்தால், அதில் பதினாலில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் தூள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி, நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய் உட்காரும். அது வெறும் மண்ணும் அல்ல. பூஞ்சை வித்து, செத்த பாக்டீரியாவின் தோல், பூச்சி மருந்தின் மிச்சம், எலிப் புழுக்கையின் பொடி என்று எல்லாம் சேர்ந்த கலப்புரம்.

மெஷின் இல்லாமல் கையால் தூற்றுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காற்று வரும் பக்கம் நிற்காதீர்கள். தூசி உங்களை விட்டு விலகிப் போய்விடும். கருக்காயும் பதரும் பறந்து விழும் பக்கமாகப் பார்த்து, பெருக்கித் தள்ளுவதற்கென்று ஒரு பெண்ணை நிறுத்துங்கள். களத்துமேட்டில் விளக்குமாறு பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கிறது, கூலியும் குறைவு. இருமலில் மட்டும் ஆண் பெண் பேதம் கிடையாது.

காய வைத்தல்

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. உங்கள் நெல்லில் அதற்கு மேல் இருக்கும். ஆகவே தார் ரோட்டில் கொட்டிக் காய வையுங்கள். லாரி ஒவ்வொன்றும் ஓரமாக ஏறி இறங்கிப் போகும்போது உமித் தூளோடு டீசல் புகையும் தார்த் தூளும் சேரும். காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். பிறகு கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மெஷின் பக்கத்தில், 40 கிலோ மூட்டைகளுக்கு நடுவே, முறை வரும்வரை காத்திருங்கள். ராத்திரியும் அங்கேயே தார்ப்பாய்க்குக் கீழே படுக்கலாம். இங்கே மூட்டை தூக்கும் தொழிலாளிகள் நம்மைவிட அனுபவசாலிகள். முதுகில் மூட்டை, தலையில் சாக்கு, மூக்குக்கு நேரே தையல் வாய்.

மேற்படிப்பு வேண்டும் என்கிறவர்கள் செங்குன்றம் அரிசி ஆலைகளில் சேரலாம். அங்கே தவிடு, உமி, உமிச் சாம்பல் என்று மூன்று பாடம். உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மலேசியாவில் 1984ஆம் ஆண்டிலேயே அரிசி ஆலைத் தொழிலாளிகளின் கண், தோல், நுரையீரல் மூன்றிலும் வரும் கோளாறுகளைச் சேர்த்து அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். நாம் அதை 'வீசிங்' என்று சுருக்கிவிட்டோம்.

வைக்கோல் போர்: சிறப்புத் தொழில்நுட்பம்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் கிழித்து வைத்துக்கொள்வேன் என்றால், இந்தப் பக்கத்தைக் கிழியுங்கள்.

தையில் சம்பா அறுப்பு. பின்மழை இன்னும் முழுக்க விட்டிருக்காது. அடித்தாளில் ஈரம். 'நாளைக்கு மறுபடி தூறினால் மொத்தமும் போய்விடும்' என்று அவசர அவசரமாக வைக்கோலை வாரிப் போர் போட்டுவிடுகிறோம், அல்லது கட்டு மெஷினில் கொடுத்து உருட்டி அடுக்கிவிடுகிறோம். மேலே பாலித்தீன் படுதா. நான்கைந்து நாள் கழித்துப் போருக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. ஈர வைக்கோல் புழுங்கி 50, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்; அந்தச் சூட்டிலேயே வளர்கிற ஒரு பாக்டீரியா வகை உண்டு.

இரண்டு மூன்று மாதம் கழித்து, மாட்டுக்குப் போடுவதற்காக அந்தப் போரைப் பிரிக்கிறீர்கள். மேல் அடுக்கு பொன்னிறம். அதைத் தள்ளியதும் பழுப்பு. அதற்கும் கீழே கையை விட்டு ஒரு பிடி இழுத்தால் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு வரும், வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று கிளம்பும், மக்கிய வாசனை அடிக்கும். புகை என்று நினைக்கிறோமே, அதுதான் வித்துப் பொடி. இந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. குனிந்து, உதறி, உதறி, மாட்டுத் தொட்டியில் போட வேண்டும். கொட்டகை தாழ்வாக, மூன்று பக்கம் அடைத்ததாக இருந்தால் பலன் இரட்டிப்பு.

உடனே ஒன்றும் ஆகாது. இந்தப் பயிரின் அழகே அதில்தான் இருக்கிறது. காலையில் போரைப் பிரிக்கிறீர்கள், மத்தியானம் சாப்பிடுகிறீர்கள். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, சாயங்காலமோ ராத்திரியோ குளிர் எடுக்கிறது, காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சு முழுசாக இழுக்க வரவில்லை. வைக்கோலையும் காய்ச்சலையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? 'வெயில்ல நின்னது', 'அலுப்பு', 'யாரோ கண்ணு வச்சிட்டாங்க' என்று மூன்று காரணம் தயாராக இருக்கிறது. மறுநாள், அதற்கு மறுநாள் சரியாகிவிடும். சரியானதும் மறுபடி போரைப் பிரிக்கப் போகலாம். இப்படியே வருஷக் கணக்கில் பிரித்தால் காற்றுப் பைகளைச் சுற்றித் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் பிறகு விரியாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் காய்ச்சல்கூட வராது. ஏரிக்கரை ஏறும்போது மட்டும் இரண்டு இடத்தில் நிற்கத் தோன்றும்.

மருத்துவ நூல்களில் இதற்கு உழவர் நுரையீரல் என்றே பெயர். இங்கிலாந்தில் கேம்பல் என்ற மருத்துவர் 1932ஆம் ஆண்டு, பூஞ்சை பிடித்த வைக்கோலில் வேலை செய்தவர்களைப் பார்த்து எழுதி வைத்தார். நம்மூர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம்; பூஞ்சை பிடித்த கரும்புச் சக்கைக்கும் இதே குணம் உண்டு, கரும்பு போடுகிறவர்களும் கலந்துகொள்ளலாம்.

உரம்

தூசி வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம். இல்லாவிட்டால் ஒரு வாழைப்பழம். தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மில்லிலும் சூளையிலும் களத்திலும் பரம்பரையாகச் சொல்கிறார்கள். வாழைப்பழம் போகிற குழாய் வேறு, தூசி போன குழாய் வேறு என்பது பழத்துக்குத் தெரியாது. பழத்தை நான் குறை சொல்லவில்லை, நல்ல பழம், பசிக்குச் சாப்பிடலாம். ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், நொச்சி ஆவி எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும். இதம் கிடைப்பதால் மறுநாளும் தூசிக்குப் போக முடிகிறது. உரம் என்று இவற்றைச் சொல்வது அதனால்தான்.

மேலுரமாக பீடி. வீட்டில் விறகடுப்பு இருந்தால் அதையும் அணைக்க வேண்டாம்.

பயிர்ப் பாதுகாப்பு

இருமல் பயிரைத் தாக்கும் பூச்சிகள் சில உண்டு. விழிப்பாக இருக்க வேண்டும்.

முதல் எதிரி என்95 முகக்கவசம். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது நிறுத்திவிடும் என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். கொரோனா காலத்தில் வாங்கியது பரணில் கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும். முகத்தோடு ஒட்டி, ஓரத்தில் காற்று புகாமல் கட்டினால் நம் பயிர் அநேகமாகப் பட்டுவிடும். அதற்குப் பதில் தோள் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டுங்கள். பார்ப்பதற்குப் பாதுகாப்பு, உள்ளே நுண்தூளுக்குத் திறந்த கதவு. நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் பரவாயில்லை. கன்னத்துப் பக்கம் இடைவெளி விடும்.

இரண்டாவது, காற்று. மெஷினிலும் போரிலும் காற்று வரும் பக்கமாக நின்றால் தூசி எதிர்ப்பக்கம் போய்விடும். காசே செலவில்லாத இந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்த மருந்து இல்லை.

மூன்றாவது, நன்றாகக் காய்ந்த வைக்கோல். இரண்டு வெயில் கூடக் காட்டிப் போர் போட்டு, தரைக்கும் போருக்கும் நடுவே கட்டையோ கல்லோ கொடுத்து அடியில் காற்றுப் போக விட்டால் அந்தப் பாக்டீரியா பிழைக்காது. பூஞ்சை பிடித்த பகுதியை உதறாமல், லேசாகத் தண்ணீர் தெளித்து வாரிக் குப்பைக் குழியில் போடுவதும் அப்படித்தான். அந்த வைக்கோல் மாட்டுக்கும் ஆகாது என்பதால், மாட்டு மேல் பாசம் உள்ளவர்கள் இதைச் செய்துவிடுகிறார்கள். மாடு பிழைக்கிறது, கூடவே மனுஷனும் பிழைத்துவிடுகிறான்.

வேலை முடிந்ததும் துணி மாற்றிக் குளிப்பதும் தவிர்க்கப்பட வேண்டியது. சுணைச் சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கினால் அடுத்த தலைமுறைக்கும் விதை கிடைக்கும்.

மகசூல் கணக்கிடுதல்

மருத்துவமனைக்குப் போகும் கட்டம். இங்கே அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே உரையாடல் நடக்கிறது.

"என்ன பெரியவரே, என்ன பண்ணுது?"

"இருமல் சார். மூச்சு வாங்குது."

"எத்தனை நாளா?"

"அது இருக்கும் சார், ரெண்டு மூணு வருஷமா."

"பீடி பிடிப்பீங்களா?"

"எப்பவாச்சும்."

"அதான்."

முடிந்தது. 'அதான்' என்ற அந்த ஒரு சொல்லில் முப்பது வருஷத்துக் களத்துமேடு காணாமல் போய்விடும். பீடியே தொடாத அம்மா வந்தால் "விறகடுப்பா?" என்பார்கள், அங்கேயும் "அதான்". பீடியும் அடுப்பும் குற்றமற்றவை என்று நான் வாதாட வரவில்லை. மற்றக் குற்றவாளியை யாரும் விசாரிப்பதில்லை என்கிறேன். சளியைச் சோதிப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள், டிபி இல்லை என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு ஊசி, கேஸ் வைத்து விடுவது, ஒரு வாரத்து மாத்திரை. ஊசி போட்டதும் நெஞ்சு திறந்துகொள்ளும். நெஞ்சு திறந்தால் மறுபடி களம்.

இத்தாலியில் ரமாசினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டு தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தானியம் சலிக்கிறவர்களுக்கும் அளக்கிறவர்களுக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்: என்ன வேலை செய்கிறீர்கள்? முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. கூட்டம் நெருக்கும் ஓபியில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்.

மகசூலைத் துல்லியமாக அளக்க ஸ்பைரோமெட்ரி என்று ஒரு சோதனை இருக்கிறது, ஒரு குழாயில் மூச்சை முழுக்க இழுத்து ஊத வேண்டும், அவ்வளவுதான். பெரிய இடத்துக்கே போகலாம் என்றால் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. டேவிட் சவுரிமுத்து என்ற மருத்துவர் 1928இல் காசநோய்க்கென்று தொடங்கியது, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. திருநின்றவூரில் லோக்கல் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷனுக்கு ஏறி, தாம்பரம் வண்டி மாற வேண்டும். பார்க் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டீர்கள் என்றால் சோதனையின் முதல் பகுதி இலவசமாக முடிந்தது.

ஒரு சின்ன ஆன்மிகக் குறிப்பு. திருநின்றவூரில் இதயத்துக்குச் சாமி உண்டு. கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கல் அடுக்கிச் சிவனுக்குக் கோயில் கட்டினார். அந்த இருதயாலீஸ்வரரிடம் நெஞ்சு நோவுக்காரர்கள் வேண்டிக்கொள்ள வருகிறார்கள். இந்த வட்டாரத்தில் தூசி கிளப்பாமல் நடந்த ஒரே கட்டுமானப் பணி அதுதான். நுரையீரலுக்கு இன்னும் யாரும் மனக்கோயில்கூடக் கட்டவில்லை. இந்தியாவில் எந்த நோயால் அதிகம் பேர் சாகிறார்கள் என்று 2016ஆம் ஆண்டுக்குக் கணக்கெடுத்தபோது முதலிடம் இதய நோய்க்கு, அடுத்த இடம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு.

சந்தைப்படுத்துதல்

விளைந்த இருமலுக்கு ஆதரவு விலை உண்டா என்று கேட்பீர்கள். சட்டத்தில் உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழிலால் வரும் நோய்களின் பட்டியல் இருந்தது. பருத்தித் தூசி நோய், கரும்புச் சக்கை நோய், அவற்றோடு உயிர்ப்பொருள் தூசியை இழுப்பதால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியும் அதில் இருந்தது. அதாவது நம் வைக்கோல் போர்க் காய்ச்சல். படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்களே என்று.

பிறகுதான் விண்ணப்பம். இழப்பீடு தர வேண்டியவர் முதலாளி. ஆகவே முதலாளியின் பெயர் வேண்டும். ஒன்றரை ஏக்கர் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவருக்கு முதலாளி அவரேதான். அவர் மேல் அவரே மனுப் போட்டு, அவரே மறுத்து, அவரிடமிருந்தே வசூலிக்க வேண்டும். கூலிக்கு வருகிறவர் நிலைமை இன்னும் தெளிவு: இந்த வாரம் பாக்கத்தில் ஒருவர் களம், அடுத்த வாரம் வேப்பம்பட்டில் இன்னொருவர் களம், அதற்கடுத்து நூறு நாள் வேலை. எந்தக் களத்துத் தூசி எந்தப் பையில் உட்கார்ந்தது என்று யார் நிரூபிப்பது? நோய் பட்டியலில் இருக்கிறது, நோயாளிதான் இல்லை.

கையேடு இதோடு முடிகிறது. இந்தச் சாகுபடி வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள் பயிர்ப் பாதுகாப்புப் பகுதியைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருமல் இருக்கிறவர்கள் அடுத்த முறை ஓபி சீட்டோடு உள்ளே போகும்போது, பீடியைப் பற்றிய கேள்வி வருவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "சார், நான் நெல் தூத்துறவன். வைக்கோல் பிரிச்ச ராத்திரி காய்ச்சல் வருது, மூச்சு வாங்குது. ஊதிப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுங்க."